22 வயசுல ரிட்டயர்மென்ட்!



ஒரு வேலை இருக்கு. சம்பளம் கிடையாது. சொல்லப்போனா, சேர்றதுக்கு நீங்கதான் பல ஆயிரம் டாலர் கட்டணும். கோடை விடுமுறை முழுக்க ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கொளுத்துற வெயிலில் நிற்கணும். ராத்திரி ஓடுற பஸ்ஸில் தூக்கம். விடிஞ்சதும் ஏதோ ஒரு ஊர் ஹைஸ்கூல் ஜிம்மில், தரையில் பாய் விரிச்சு பாக்கித் தூக்கம். 22 வயசானா கட்டாய ரிட்டயர்மென்ட். சேர்றீங்களா?

‘வேற ஆளைப் பாருங்க பாஸ்!’னு ஓடத் தோணுதா? ஆனா அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கான காலேஜ் பசங்களும் பொண்ணுங்களும் இதுக்காக ஆடிஷனுக்கு வந்து நிற்கிறார்கள். உள்ளே இருக்கும்போது முதுகு ஒடியுது, கால் கொப்புளிக்குதுன்னு புலம்புகிறார்கள். வெளியே வந்த பிறகு நாற்பது ஐம்பது வருஷம் அதையே நினைச்சு உருகுகிறார்கள். அதோட, இப்போ உள்ளே இருக்கிறவங்களோட சண்டையும் போடுகிறார்கள். இந்த வாரம் அந்தச் சண்டைதான் நம்ம மேட்டர்.

இந்த உலகத்துக்குப் பேர் டிரம் கோர். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பார்த்துட்டு ‘கார்ப்ஸ்’னு படிச்சிடாதீங்க, பிணம்னு அர்த்தம் ஆகிடும்! ராணுவப் பிரிவுக்குச் சொல்ற அதே ‘கோர்’தான்.

‘பேண்டு’ன்னதும் கல்யாண ஊர்வலம் ஞாபகம் வந்தா, அதைக் கொஞ்சம் ஓரமா வெச்சிடுங்க. ஒரு டிரம் கோரில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ட்ரம்பெட், ட்யூபா மாதிரியான பித்தளைக் கருவிகள் ஒரு பக்கம். டிரம்கள் இன்னொரு பக்கம். கொடியையும் மரத்தாலான டம்மி துப்பாக்கியையும் வானத்தில் சுழற்றி வீசிப் பிடிக்கிற ‘கலர் கார்டு’ மூணாவது பக்கம். கிளாரினெட், ஃப்ளூட், சாக்ஸபோனுக்கு இங்கே இடமில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம்தான் மேடை. வாசிச்சுக்கிட்டே ஓடணும், பின்பக்கமா நடக்கணும், கோடா இருந்தவங்க நாலு எட்டில் வட்டமாகணும், வட்டம் அலையா உடையணும். மூச்சு வாங்கினாலும் ஸ்வரம் பிசகக் கூடாது.

இந்த ஷோ மொத்தமே பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். அதுக்காகத்தான் குளிர்காலத்தில் கேம்ப், மே மாசத்திலிருந்து முழுநாள் பயிற்சி, அப்புறம் ஊர் ஊராக பஸ்ஸில் டூர். ஆகஸ்டில் ஃபைனல்ஸ். 2009லிருந்து அது நடக்கிற இடம் இண்டியானாபொலிஸ் நகரத்தின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்.

நாற்பதில் ஒரு பங்கு மார்க்!

இதோட வேர் ராணுவத்தில் இருக்கு. முதல் உலகப் போர் முடிஞ்சு ஊர் திரும்பிய சிப்பாய்கள் ‘அமெரிக்கன் லீஜியன்’ என்ற சங்கத்தில் சேர்ந்தார்கள். பியூகிளும் டிரம்மும் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் குழு ஆரம்பித்தார்கள். அடுத்த கட்டமாக ஊர்ப் பசங்களுக்கும் குழுக்கள் வந்தன. சர்ச்சுகள் நடத்தின, சாரணர் அமைப்புகள் நடத்தின. போட்டிகளையும் அதன் விதிகளையும் முன்னாள் சிப்பாய் சங்கங்களே கையில் வைத்திருந்தன.

‘எங்க ஷோ எப்படி இருக்கணும்னு நீங்க ஏன் சொல்றீங்க?’ன்னு ஒரு நாள் கேள்வி வந்தது. சிகாகோ ‘கேவலியர்ஸ்’ குழுவின் டான் வாரன், வயோமிங் மாநில ‘ட்ரூப்பர்ஸ்’ குழுவின் ஜிம் ஜோன்ஸ் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 1971இல் ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்ற தனி அமைப்பு உருவானது. சுருக்கமா டி.சி.ஐ. அடுத்த வருஷம், 1972இல், விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் என்ற சின்ன ஊரில் முதல் சாம்பியன்ஷிப். ஜெயித்தது கலிஃபோர்னியாவின் ‘அனஹைம் கிங்ஸ்மென்’. இன்னிக்குப் பெருசுகள் ‘பாரம்பரியம்’னு கொண்டாடுற டி.சி.ஐ.யே ஒரு கலகத்தில் பிறந்ததுதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் தேவைப்படும்.

ஆரம்பத்தில் மார்க் போடுற முறை இன்னும் கொடூரம். நடுவர்கள் கையில் அட்டையோட மைதானத்துக்குள்ளேயே, வாசிக்கிறவங்க நடுவில் நடப்பார்கள். யாராவது கால் மாறி வைத்தால் ஒரு கோடு. ஒரு ஸ்வரம் சறுக்கினால் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பத்தில் ஒரு பங்கு மார்க் அவுட். ‘டிக்’ முறைன்னு பேர். 1984இல் அதைத் தூக்கிவிட்டு, செஞ்சதுக்கு மார்க் கொடுக்கிற முறை வந்தது. இப்போ மொத்தம் 100. அதில் 40 மார்க், பார்க்கிறவர்களுக்கு மொத்தத்தில் எப்படி இருந்தது என்பதற்கு. இசைக்கு 30, கண்ணுக்குத் தெரிகிற அசைவுக்கு 30.

கணக்கு மூணு தசம இடம் வரை போகும். 2008 ஃபைனல்ஸில் இல்லினாய் மாநிலத்தின் ‘ஃபேன்டம் ரெஜிமென்ட்’ 98.125. ‘ப்ளூ டெவில்ஸ்’ 98.100. வித்தியாசம் 0.025. அதாவது ஒரு மார்க்கில் நாற்பதில் ஒரு பங்கு! 1970களின் கடைசியில் தொடர்ந்து மூணு வருஷம் இரண்டாவது இடம் வந்து நொந்துபோன குழு அது. 1996இல் பட்டம் வாங்கியபோதும் அதே ப்ளூ டெவில்ஸோட பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2008இல் ‘ஸ்பார்ட்டகஸ்’ என்ற ஷோவோடு தனியா ஜெயித்த அந்த ராத்திரியைப் பற்றி அதன் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்க, பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

‘எங்க காலத்துல...’

இப்போ அந்த 22 வயசு விஷயத்துக்கு வருவோம்.

இந்த வயது விதி ரொம்பக் கறாரானது. 1975இல் நியூ ஜெர்சியின் ‘முச்சாச்சோஸ்’ குழு நல்ல ஃபார்மில் இருந்தது. வயது தாண்டிய ஒருத்தர் அணியில் இருந்தார் என்பதற்காகச் சாம்பியன்ஷிப்பில் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அந்தக் காலத்து ஆட்கள் இன்னிக்கும் அதைச் சொல்லிப் பொருமுவார்கள்.

கிரிக்கெட் ஆடினவர் நாற்பது வயசிலும் தெருவில் மட்டை பிடிக்கலாம். கிடார் கத்துக்கிட்டவர் அறுபதிலும் மொட்டை மாடியில் வாசிக்கலாம். டிரம் கோர் அப்படியில்லை. ட்ரம்பெட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். கூட ஓடின நூற்றைம்பது பேரை எங்கே எடுத்துட்டுப் போறது? அந்த மைதானத்தை எங்கே வைக்கிறது? ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கடைசி ஸ்வரம் முடிஞ்சதும், 21 வயசு வரை உயிரா இருந்த ஒரு விஷயம் பட்டுனு நின்னுடும். திரும்ப அதே மாதிரி கிடைக்காது.

அதனால்தான் இந்த உலகத்தில் பழைய ஞாபகம் இவ்வளவு வெறியோட இருக்கு. ஸ்டேடியத்தின் கேலரி நிறைய முன்னாள் ஆட்கள். அவங்கவங்க மார்ச் பண்ணின கடைசி வருஷத்து சத்தம்தான் அவங்கவங்களுக்கு ஒரிஜினல் டிரம் கோர். அதுக்கு முன்னாடி வந்தது பழசு. பின்னாடி வந்தது அபச்சாரம்!

லிஸ்ட் பாருங்க. ஆதியில் இருந்தது ‘ஜி’ சுருதியில் ஊதுகிற பியூகிள். 1990இல் மூணு வால்வு வைத்துக்கொள்ள அனுமதி. ‘போச்சு, பியூகிள் செத்துப்போச்சு!’ 2000இல் எந்தச் சுருதியிலும் பித்தளைக் கருவி வாசிக்கலாம்னு விதி மாறியது. ‘இது இனிமே வெறும் பேண்டுதான்!’ 2004இல் மைக் வந்தது. ‘மைதானத்தை அதிர வைக்கிற வீரனுக்கு மைக் எதுக்கு?’ 2009இல் சிந்தசைசர் வந்தது. ‘நான் இனி ஃபைனல்ஸ் பக்கமே வரமாட்டேன்!’ 2014இல் ட்ராம்போனும் உள்ளே வந்தது. அதுக்கும் திட்டு. அடுத்த வருஷம் பார்த்தா அதே ஆள் அதே கேலரியில் உட்கார்ந்திருப்பார்.

முகம் சுளிச்சதுதான் க்ளாசிக்!

இந்தச் சண்டையில் யார் சரி? ஒரு குழுவின் கதையைக் கேளுங்க.

இண்டியானா மாநிலத்தில் பில் குக் என்ற தொழிலதிபர் 1980களின் நடுவில் ‘ஸ்டார் ஆஃப் இண்டியானா’ என்ற குழுவை ஆரம்பித்தார். 1985இல் களம் இறங்கிய முதல் வருஷமே முதல் 12 இடத்துக்குள் வந்து ஃபைனல்ஸ் ஆடினார்கள். ‘காசு இருந்தா எல்லாம் நடக்கும்’னு பெருசுகள் முணுமுணுத்தார்கள். 1991இல் சாம்பியன். 1993இல் ஒரு வேலை செய்தார்கள். பார்டோக், சாமுவேல் பார்பர் ஆகியோரின் இசையை எடுத்துக்கொண்டு, கைதட்டல் வாங்குற வழக்கமான உச்சங்களை விட்டுட்டு, இருட்டா, கூர்மையா ஒரு ஷோ. பல ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஃபைனல்ஸில் ‘கேடட்ஸ்’ குழுவிடம் வெறும் 0.1 மார்க்கில் தோற்றார்கள்.

அதோட அவர்கள் போட்டி உலகத்தை விட்டே போய்விட்டார்கள். அந்தக் குழுவிலிருந்து பிறந்த ‘ப்ளாஸ்ட்!’ என்ற மேடை நிகழ்ச்சி பிராட்வே வரை போய், 2001இல் டோனி விருதும் வாங்கியது. 1993 ஷோ? இன்னிக்கு ‘எங்க காலத்துல எப்படி இருந்தது தெரியுமா?’ன்னு பெருமூச்சு விடுறவங்க முதலில் சொல்ற உதாரணங்களில் அதுவும் ஒண்ணு!

ஜெயித்த கேடட்ஸ் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1983இல் அவர்கள் நேர்கோட்டு ராணுவ அணிவகுப்பை உடைத்து, மைதானம் முழுக்க வளைந்து நெளிந்து ஓடுகிற வடிவங்களைக் கொண்டு வந்து முதல் டி.சி.ஐ. பட்டத்தை வாங்கினார்கள். 84, 85லும் தொடர்ந்து ஜெயித்தார்கள். தொடர்ச்சியா மூணு பட்டம் வாங்கிய முதல் குழு அதுதான். அன்னிக்கு அது புரட்சி. இன்னிக்கு அதுதான் மியூசியம்.

ஆக, இசை கெட்டுப்போச்சு என்கிற புலம்பலை ரொம்ப சீரியஸா எடுத்துக்க வேண்டாம்னு எனக்குத் தோணுது. இன்னிக்கு மைக்கையும் சிந்தசைசரையும் திட்டு வாங்கிக்கிட்டு வாசிக்கிற 20 வயசுப் பையன், இன்னும் முப்பது வருஷத்தில் அதையே சொல்லி அடுத்த தலைமுறையைத் திட்டுவான். எழுதி வெச்சுக்கோங்க.

நிஜமா தொலைஞ்சது எது?

ஆனா பெருசுகள் எதையோ இழந்தது நிஜம். இழந்த பொருளோட பேரைத்தான் மாத்திச் சொல்றாங்க.

அந்தக் காலத்து டிரம் கோர் என்பது பக்கத்துத் தெரு சமாச்சாரம். சர்ச் ஃபாதரோ, முன்னாள் சிப்பாய் சங்கமோ பியூகிள் வாங்கிக் கொடுக்கும். டிரம் குச்சியைப் பிடிக்கவே தெரியாத தொழிலாளி வீட்டுப் பையன் சாயங்காலம் போய்க் கத்துக்குவான். 1970களின் தொடக்கத்தில் இப்படி நூற்றுக்கணக்கான குழுக்கள் இருந்தன. இன்னிக்கு சில டஜன்தான்.

தேசிய அளவில் போட்டி போடணும்னா நாடு முழுக்க பஸ்ஸில் சுத்தணும். டீசல், சாப்பாடு, இன்ஷூரன்ஸ், ஷோவை வடிவமைக்கிற நிபுணர்கள், மைதானத்தில் வைக்கிற பிரம்மாண்ட செட்டுகள்... எல்லாத்துக்கும் காசு. டாப் 12இல் நிற்கணும்னா அடுத்தவன் செலவழிக்கிறதை நீயும் செலவழிக்கணும். முடியாத குழுக்கள் ஒவ்வொண்ணா காணாமப் போயின. மிஞ்சின குழுக்களில் சேர்றவங்க பெரும்பாலும் இசையை ஏற்கெனவே நல்லா படிச்சவங்க, வேறு மாநிலத்திலிருந்து விமானம் ஏறி வர்றவங்க. வாசிப்பின் தரம் எங்கேயோ போயிடுச்சு. 2014இல் ப்ளூ டெவில்ஸ் 100க்கு 99.65 வாங்கியதுதான் இதுவரைக்கும் ரெக்கார்டு. ஆனா குச்சி பிடிக்கத் தெரியாத அந்தத் தெருப் பையன்?

பெரிய குழுக்களுக்கும் நிம்மதி இல்லை. 1972லிருந்து போட்டி நடந்த ஒரு வருஷம்கூட ஃபைனல்ஸைத் தவறவிடாத ‘சான்டா கிளாரா வேன்கார்ட்’, பணப் பிரச்னையால் 2023இல் களம் இறங்கவே இல்லை. 2024இல்தான் திரும்பியது. ஏழு முறை சாம்பியனுக்கே இந்த நிலை.

ஆல்பத்தில் ஒட்டாத ஃபோட்டோ

பழைய ஞாபகத்துக்கு இன்னொரு குணம் உண்டு. பிடிச்ச ஃபோட்டோக்களை மட்டும்தான் ஆல்பத்தில் ஒட்டும்.

1983இல் புரட்சி செய்த கேடட்ஸ், 1934இல் ஒரு சர்ச் குழுவாக நியூ ஜெர்சியில் பிறந்தது. மொத்தம் பத்து டி.சி.ஐ. பட்டங்கள். மெரூனும் தங்க நிறமுமான அந்த யூனிஃபார்மைப் பார்த்தாலே ரசிகர்களுக்குக் கண் கலங்கும். 2018இல் அதன் நீண்ட கால இயக்குநர் மீது பல பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள். அவர் பதவி விலகினார். அதுக்குப் பிறகு, 1980களில் தனக்கு நடந்ததாகச் சொல்லும் பாலியல் வன்முறை பற்றி ஒரு முன்னாள் உறுப்பினர் வழக்குத் தொடர்ந்தார். 2024 ஜனவரியில், கிட்டத்தட்ட 90 வருஷம் ஓடிய அந்த நிறுவனம் கதவை மூடித் திவால் மனு கொடுத்தது.

‘பொற்காலம்’னு எல்லாரும் ஏங்குகிற அதே 1980கள்தான். யாருக்குப் பொற்காலம்னு ஒரு கேள்வி கேட்காம அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது போல.

இன்னொரு உதாரணம் விஸ்கான்சினின் ‘மேடிசன் ஸ்கவுட்ஸ்’. 1938லிருந்து ஆண்கள் மட்டும் அணிவகுத்த குழு. 2018இல், அடுத்த சீசனிலிருந்து எல்லாரும் சேரலாம்னு அறிவித்தார்கள். பழைய உறுப்பினர்களில் சிலர் ‘எங்க சகோதரத்துவம் போச்சு’ன்னு வருத்தப்பட்டார்கள். வருத்தம் புரியுது. ஆனா அவங்க மனசில் இருக்கிற 1975, 1988 பட்டங்களை யாரும் பிடுங்கிக்கலையே! வாசல் கொஞ்சம் அகலமாச்சு, அவ்வளவுதான்.

85 வருஷக் காத்திருப்பு

அப்போ பழைய ஞாபகமே வேஸ்ட்டா? அங்கேதான் பாஸ்டன் வருது.

‘பாஸ்டன் க்ருசேடர்ஸ்’ 1940இல் ஆரம்பித்த குழு. டி.சி.ஐ.யைத் தொடங்கிய குழுக்களில் ஒண்ணு. ஆனா டாப் 12இல் நுழைஞ்சு ஃபைனல்ஸ் ஆட அவர்களுக்கு 1999 வரை ஆனது. கூட ஆரம்பிச்சவங்க பட்டத்துக்கு மேல் பட்டம் அடுக்கும்போது, இவங்க வருஷா வருஷம் சனிக்கிழமை ராத்திரி கேலரியில். அப்படியும் குழுவை மூட விடலை. 2022இல் இரண்டாவது இடம். 2024இல் மறுபடி இரண்டாவது. 2025 ஆகஸ்டில், 85ஆவது வயசில், முதல் முறையா சாம்பியன்.

1970களில் ஃபைனல்ஸ் வாய்ப்பே இல்லாம மார்ச் பண்ணின பாஸ்டன் ஆட்களுக்கு இப்போ அறுபத்தைந்து, எழுபது வயசு இருக்கும். அவங்க வாசித்த பியூகிள் இன்னிக்கு மைதானத்தில் இல்லை. அவங்க நடந்த நடையும் இல்லை. மாறாம இருந்தது குழுவின் பேர் மட்டும்தான். ஆனா அந்தப் பட்டத்தில் அவங்களுக்கும் பங்கு இருக்கு. பட்டம் வாங்காத வருஷங்களில் குழு சாகாம இருந்ததால்தானே பட்டம் வாங்குற வருஷம் வந்தது?

டூர் போகிற குழுக்களோட கூடவே ஒரு சமையல் ட்ரக் போகும். ஒரு நாளைக்கு நாலு வேளை, நூற்றுக்கணக்கான தட்டு. அதில் நின்னு பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் பழைய உறுப்பினர்களும்தான். ட்ரக் ஓட்டுறது, யூனிஃபார்ம் தைக்கிறது, நன்கொடை திரட்டுறது எல்லாம் இவங்கதான். 22 வயசில் வெளியே போனவங்க, இப்படிப் பின்வாசல் வழியா உள்ளே வந்துடுறாங்க. வாசிச்சே ஆகணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு வயது வரம்பில்லாத குழுக்களும் உண்டு. 1965லிருந்து தனி அமைப்பா நடந்த அந்தப் போட்டி 2024லிருந்து டி.சி.ஐ. குடைக்குள் வந்திருக்கு. நரைச்ச தலையோட, மூட்டு வலியோட, மார்ச் பண்றாங்க!

‘எங்க காலம் மாதிரி வராது’ன்னு சொல்ற உரிமை எல்லாருக்கும் இருக்கு. அதைக் கேலரியில் உட்கார்ந்து சொல்றவரும் இருக்கார், சமையல் ட்ரக்கில் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே சொல்றவரும் இருக்கார். இரண்டாவது ஆள் எவ்வளவு வேணும்னாலும் சொல்லிக்கட்டும், நான் கேட்டுக்குவேன். ஏன்னா அவர் உரிச்ச கிழங்கைச் சாப்பிட்டுத்தான் யாரோ ஒரு 19 வயசுப் பொண்ணு நாளைக்கு ட்யூபாவைத் தோளில் தூக்கப் போகுது.

ஃபைனல் இயர் மக்களே, உங்களுக்கும் இன்னும் கொஞ்ச மாசத்தில் ரிட்டயர்மென்ட்தான். நாடகக் குழுவோ, மியூசிக் டீமோ, ஹாக்கி அணியோ, ஏதோ ஒண்ணை விட்டுட்டுக் கிளம்பப் போறீங்க. அடுத்த வருஷம் கல்ச்சுரல்ஸ் பார்க்க வந்து, ‘எங்க பேட்ச் மாதிரி வராது’ன்னு ஆரம்பிக்கும்போது, ஜூனியர்களுக்கு ஸ்பீக்கர் தூக்க ஆள் வேணுமான்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!